கொரியப் பரங்கிக் கஞ்சி மறுநாள் ஏன் நீர்த்துப்போகிறது?

கேள்வி: கணவரின் வேலை காரணமாகத் தென்கொரியாவின் சுவோன் நகரில் இருக்கிறோம். சந்தையில் முற்றிய பரங்கிக்காய் ஒன்று வாங்கி, இவர்கள் செய்யும் ஹோபக்ஜுக் என்ற இனிப்புக் கஞ்சியைச் செய்து பார்த்தேன். ஒட்டரிசி மாவைச் சேர்த்ததும் கட்டி தட்டிவிட்டது. எப்படியோ மசித்துக் கெட்டியாக்கி வைத்தேன். மறுநாள் காலையில் திறந்தால் தண்ணியாகக் கிடந்தது. நிறமும் மங்கல். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்ததோ பளிச்சென்ற மஞ்சள், அவ்வளவு வழவழப்பு. என் தோழிக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்தது. வீக்கம் வடிய இதைச் செய்து கொடு என்கிறார்கள். சரியான முறையைச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்தத் தண்ணீர் விஷயம். இரண்டு விதமாக நடக்கும். மேலே தெளிந்த நீர் நின்று அடியில் விழுது தங்கியிருந்தால், மாவு சரியாக வேகவில்லை என்று அர்த்தம். முழுக் கஞ்சியும் ஒரே சீராக இளகிப் போயிருந்தால் காரணம் எச்சில். நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். வெதுவெதுப்பான கஞ்சியில் ருசி பார்த்த கரண்டியை மறுபடி விட்டாலோ, பானையிலிருந்தே இரண்டு பேர் எடுத்துச் சாப்பிட்டாலோ போதும், ராத்திரியோடு இளகிவிடும். கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும், ஆனால் போன கெட்டித்தன்மை திரும்பாது. இன்னும் கொஞ்சம் மாவுதான் கரைத்து ஊற்ற வேண்டும். அதனால் ருசி பார்க்கத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

அப்புறம் காய். நீங்கள் வாங்கியிருப்பது 'நுல்குன் ஹோபக்', அதாவது தோல் மேல் வெள்ளைப் பொடி பூத்த, வரிவரியான பெரிய காய். நம் ஊர்ப் பரங்கிக்காயின் அதே இனம்தான். வாசம் நன்றாக இருக்கும், ஆனால் சதையில் நீர் அதிகம், இனிப்பு குறைவு. பச்சைத் தோலோடு வரும் சிறிய 'தன்ஹோபக்' இதற்கு நேரெதிர்: மாவுபோல உதிரும், இனிப்பும் கூடுதல். இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் தன்ஹோபக்கை வைத்து எழுதியவை. அதே தண்ணீர்க் கணக்கை உங்கள் காய்க்குப் போட்டால் கஞ்சி ரசமாகிவிடும். கொரியக் குறிப்புகளில் ஒரு கப் என்பது 200 மி.லி. என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோலும் விதையும் நாரும் நீக்கிய சதை 1 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்காயை அப்படியே சீவப் பார்த்தால் கத்தி வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். வரிகளின் பள்ளத்தோடு துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் பலகையில் படுக்க வைத்துத் தோலை வெட்டுங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் பச்சை விளிம்பையும் சேர்த்துத் தாராளமாக வெட்டிவிடுங்கள். அது கலந்தால் கஞ்சியின் நிறம் மங்கும். துண்டுகளோடு 400 மி.லி. தண்ணீர் மட்டும் ஊற்றி மூடி வேகவிடுங்கள். பார்க்கக் குறைவாகத் தெரியும், ஆனால் காயே தண்ணீர் விடும். கரண்டியால் அழுத்தினால் குழைகிற பதம் வந்ததும் மிக்சியிலோ மத்தாலோ மசியுங்கள். நார் தெரிந்தால் சல்லடையில் தேய்த்து எடுக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவின் கஞ்சியில் நீங்கள் பார்த்த வழவழப்பு இந்த வடிகட்டலால் வந்ததாகத்தான் இருக்கும்.

ஒட்டரிசி மாவை (அங்கே 'சாப்சல் கரு' என்று கேளுங்கள்) ஒருபோதும் பொடியாகக் கொதிக்கும் கஞ்சியில் தூவாதீர்கள். வெளிப்பக்கம் உடனே வெந்து தோல்போல மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். கட்டி வருவது இப்படித்தான். 80 கிராம் மாவைப் பச்சைத் தண்ணீர் 150 மி.லி.யில் கரைத்து, தீயைக் குறைத்து, ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றி மறு கையால் துழாவுங்கள். பிறகு 8 முதல் 10 நிமிடம் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை மாவு வாசம் போனால்தான் இறக்கலாம். இந்தக் கஞ்சி 'பொளக் பொளக்' என்று வெடித்துக் கையில் தெறிக்கும், சூடு விடாது. ஆழமான பாத்திரமும் நீளப் பிடி வைத்த மரக்கரண்டியும் அவசியம். குழந்தைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

மாவிலும் இரண்டு வகை உண்டு. கடையில் பாக்கெட்டில் வருவது உலர்ந்த மாவு, மேலே சொன்ன அளவு அதற்குத்தான். ஊறவைத்த அரிசியை மில்லில் அரைத்த ஈர மாவு என்றால் தண்ணீரைக் குறையுங்கள். அதில் பெரும்பாலும் உப்பும் சேர்ந்திருக்கும் என்பதால் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். சாதாரணப் பச்சரிசி மாவும் போடலாம், தப்பில்லை. ஆனால் ஆறியதும் கட்டியாக உறைந்துவிடும்.

உப்பு அரை தேக்கரண்டி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி, இரண்டும் கடைசியில். முதலில் உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். காயின் இனிப்பு எழும்பி வரும், சர்க்கரை பாதி போதும் என்று தோன்றும்.

'பாத்' என்ற சிறு சிவப்புப் பயறு சேர்ப்பதாக இருந்தால், முதல் கொதியின் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், துவர்ப்பு போகும். புதுத் தண்ணீரில் தனியாக, உடையாமல் வேகவைத்து இறக்கும்போது கலந்தால் மஞ்சள் நிறம் கலங்காது. கஞ்சியில் போடும் 'சேஅல்சிம்' என்ற ஒட்டரிசி மாவு உருண்டைக்குக் கொழுக்கட்டை மாவு போலவே கொதிநீர் விட்டுப் பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உருட்டும்போது வெடிப்பு விடும். சுண்டைக்காய் அளவு உருட்டி, தனிக் கொதிநீரில் போட்டு, மிதந்த பின் இன்னும் ஒரு நிமிடம் விட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்.

உங்கள் தோழிக்குத் தாராளமாகக் கொடுங்கள். மெதுவாக இறங்கும் நல்ல உணவு. ஆனால் வீக்கத்துக்கு மருந்து என்று நம்பிவிட வேண்டாம். அது அங்கே தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. பிரசவ வீக்கம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே வடியும். முகமோ கையோ திடீரென வீங்கி, விடாத தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் அது ரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். கஞ்சியை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது என்றால், இந்தக் கஞ்சி எவ்வளவு சாப்பிடலாம் என்று அவளுடைய மருத்துவரிடம் கேட்ட பிறகு, சர்க்கரை போடாமல் செய்து கொடுங்கள்.

மீதிக் காயைத் துண்டுகளாக்கி ஃப்ரீசரில் வையுங்கள். வெட்டாத காய் என்றால் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் மாதக்கணக்கில் தாங்கும்.