டபுள் பேஸ் வாசிக்கும் மகள்: தனிக் கச்சேரிப் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பிளஸ் ஒன் படிக்கும் மகள், வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த குரலுள்ள கருவியான டபுள் பேஸில் தனிக் கச்சேரி செய்யும் அளவுக்கு உருப்படிகள் சேர்க்க வேண்டும் என்கிறாள். அதை எப்படிச் சேர்ப்பது என்பது ஒன்று. இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு வழி பிறக்கும்.

டபுள் பேஸில் தனிக் கச்சேரி மட்டுமே செய்து குடும்பம் நடத்துகிறவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவின் எட்கர் மேயர் இன்று இந்தக் கருவியின் பெரிய பெயர்களில் ஒருவர். அவரும் இசையமைக்கிறார், பாடம் சொல்லிக்கொடுக்கிறார், ஜாகிர் உசேன், பேலா ஃப்ளெக் போன்றவர்களோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். மற்றவர்களுக்குச் சோறு போடுவது ஆர்க்கெஸ்ட்ரா வேலை, ரெக்கார்டிங், ஜாஸ் குழு, வகுப்பு எடுப்பது ஆகியவைதான். முழு அளவு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முப்பது பேர் இருந்தால் பேஸ்காரர்கள் எட்டுப் பேர் இருப்பார்கள். அந்த எட்டில் ஒரு இடம் காலியாவதே அபூர்வம். காலியானால் கூட்டம் அலைமோதும்.

ஆனால் அந்த இடத்துக்கான தேர்வில் முதலில் வாசிக்கச் சொல்வது பெரும்பாலும் ஒரு கான்செர்ட்டோவைத்தான், அதாவது ஆர்க்கெஸ்ட்ராத் துணையோடு தனிக் கருவி வாசிக்கும் உருப்படியைத்தான். கன்சர்வேட்டரி எனப்படும் இசைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்விலும் அதே கதை. ஆகவே மகளைத் தடுக்காதீர்கள். பட்டியலை மட்டும் தேர்வு அறையில் கேட்பதிலிருந்து பின்னோக்கிக் கட்டச் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்து மயங்கிய உருப்படியிலிருந்து தொடங்கினால் இரண்டு வருடம் வீணாகும்.

‘யாருமே எடுக்காத கருவியை ஏன் எடுத்தாள்’ என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இத்தாலிய பேஸ்காரர் ஜியோவானி பொட்டெசினியின் கதை உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. 1835-இல் மிலான் கன்சர்வேட்டரியில் உதவித்தொகையோடு காலியாக இருந்தவை இரண்டே இடங்கள்: ஒன்று பஸ்ஸூன் என்ற ஊதுகருவி, மற்றொன்று டபுள் பேஸ். வயலின் பழகிக்கொண்டிருந்த அந்தப் பையன் சில வாரங்களில் பேஸைக் கற்றுக்கொண்டு உள்ளே நுழைந்தான். பிற்காலத்தில், வயலின் மேதை பகனினியின் பெயரால், ‘டபுள் பேஸின் பகனினி’ என்று பெயர் வாங்கினார். 1871-இல் கெய்ரோவில் வெர்தியின் ‘ஐடா’ ஓபரா அரங்கேறியபோது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவரும் அவரே. ரஷ்யாவின் செர்ஜி கூசெவிட்ஸ்கியும் மாஸ்கோவில் உதவித்தொகை கிடைத்த காரணத்தால்தான் பேஸ் எடுத்தார். பின்னாளில் பாஸ்டன் சிம்பொனியை 1924 முதல் 1949 வரை நடத்தினார். கூட்டம் குறைவான வரிசையில் நிற்பது கெட்டிக்காரத்தனம் என்பது என் கட்சி. உங்கள் மகள் தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ, நல்ல வரிசையில்தான் நிற்கிறாள்.

இனி பட்டியல். இந்தக் கருவிக்குப் பெரிய மேதைகள் தனியாக எழுதியது சொற்பம். ஹைடன் எழுதிய ஒரே கான்செர்ட்டோ தொலைந்துவிட்டது. பீத்தோவனும் பிராம்ஸும் எழுதவே இல்லை. மொசார்ட் 1791-இல் ஆண் குரலுக்குத் துணையாக ஒரே ஒரு பாடலில் பேஸுக்குத் தனி இடம் கொடுத்தார். மீதியைப் பேஸ்காரர்களும் அவர்களுக்காக எழுதியவர்களும்தான் நிரப்பினார்கள். பேஸ்காரரான ஸ்பெர்கர் ஒருவரே 18 கான்செர்ட்டோ எழுதி வைத்திருக்கிறார். போதாததற்கு செல்லோ, வயலின் உருப்படிகளைக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

தேர்வு அறையில் திரும்பத் திரும்பக் காதில் விழுவது மூன்று நான்கு பெயர்கள். டிட்டர்ஸ்டோர்ஃபின் இரண்டாவது கான்செர்ட்டோ அல்லது வான்ஹால் கான்செர்ட்டோ கிளாசிக்கல் காலத்துக்கு. பொட்டெசினியின் இரண்டாவது கான்செர்ட்டோ அல்லது கூசெவிட்ஸ்கி கான்செர்ட்டோ ரொமான்டிக் காலத்துக்கு. ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராத் தேர்வுகளில் டிட்டர்ஸ்டோர்ஃபோ வான்ஹாலோ இல்லாமல் கதை நகராது. இவற்றோடு பாக்கின் செல்லோ சூட்டிலிருந்து (நடன இசைத் தொகுப்பு) இரண்டு பகுதிகள். இந்த மூன்று தூணும் நின்றுவிட்டால் மேலே எதை வேண்டுமானாலும் ஏற்றலாம்: கிளியேரின் சிறு உருப்படிகள், பியானோவோடு வாசிக்க ஹிண்டமித்தின் 1949 சொனாட்டா, துணையில்லாமல் வாசிக்க ஃப்ரிபாவின் சூட்.

உங்கள் மகள் இப்போது ஐந்தாவது கிரேடு முடித்திருக்கிறாள் என்கிறீர்கள். உடனே பொட்டெசினிக்குத் தாவ வேண்டாம். கப்புட்ஸி கான்செர்ட்டோ, மார்செல்லோ சொனாட்டா ஒன்று, சான்-சான்ஸின் ‘யானை’ என்று ஒரு வருடம் போகட்டும். கட்டைவிரலைத் தந்தியில் வைத்து மேல் சுரங்களை வாசிக்கும் தம்ப் பொசிஷனில் ஸ்ருதி நிற்காத கைக்குப் பொட்டெசினியைக் கொடுத்தால், மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு சுரமும் அரைக்கால் விலகி, கேட்கிறவர்கள் நெளிவார்கள். டிட்டர்ஸ்டோர்ஃபிலும் ஒரு சிக்கல் உண்டு. அது எழுதப்பட்ட காலத்தில் வியன்னாவில் தந்திகளை வேறு விதமாகச் சேர்த்திருந்தார்கள். அடுத்தடுத்த தந்திகளிலேயே கார்டின், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டின், சுரங்கள் கிடைத்தன. இன்றைய சேர்க்கையில் அதே துள்ளல் வரிகளுக்கு இடது கை கழுத்தின் மேலும் கீழும் ஓட வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும், வாசிக்க எளிதில்லை. கடைசி நேரத்துக்கு அதை ஒதுக்கி வைக்காதீர்கள்.

பெற்றோர் யாரும் கேள்விப்பட்டிராத, ஆனால் பணத்தைத் தொடுகிற விஷயம் ஒன்று உண்டு: ட்யூனிங். ஆர்க்கெஸ்ட்ராவில் தந்திகள் ஈ, ஏ, டி, ஜி. தனி வாசிப்பில் பெரும்பாலும் ஒரு முழு சுரம் ஏற்றி எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ என்று வைப்பார்கள். ஒலி பளிச்சென்று எடுபடும். இதற்கு மெல்லிய சோலோ தந்திகள் தனி செட்டாக வரும், விலையும் பல்லாயிரம் ரூபாய். சாதாரணத் தந்தியையே முறுக்கி ஏற்றினால் கருவியின் மேல்பலகை தேவையில்லாத இழுவையைச் சுமக்கும். சென்னை ஈரப்பதத்தில் ஏற்கெனவே ஒட்டு விட்டுக்கொண்டிருக்கும் பேஸுக்கு அது ஆகாது.

இன்னொரு வேடிக்கை: கூசெவிட்ஸ்கி கான்செர்ட்டோ எஃப் ஷார்ப் மைனரில் ஒலிக்கும், பேஸ்காரர் கையிலுள்ள தாளில் ஈ மைனர் என்று இருக்கும். பியானோ தாள் இரண்டு ட்யூனிங்குக்கும் தனித்தனியாக அச்சாகி வருகிறது. பியானோ வாசிப்பவர் தவறான தாளைக் கொண்டுவந்தால் முதல் வரியிலேயே இரண்டு பேரும் ஒரு சுரம் தள்ளி நிற்பார்கள். புத்தகம் வாங்கும்போதே எந்த ட்யூனிங் என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இளநிலைச் சேர்க்கைக்குப் பல கல்லூரிகள் ஆர்க்கெஸ்ட்ரா ட்யூனிங்கையே ஏற்றுக்கொள்கின்றன. அதை உறுதி செய்துகொண்ட பிறகு சோலோ செட்டுக்குச் செலவு செய்யலாம். கச்சேரிக்கும் இதே கணக்குத்தான்: ஒரே மேடையில் பாதியில் தந்தி மாற்ற முடியாது, ஆகவே நிகழ்ச்சி முழுவதையும் ஒரே ட்யூனிங்கில் அமைக்க வேண்டும். பாக் தனியாக வாசிப்பது என்பதால் எந்த ட்யூனிங்கிலும் சமாளிக்கலாம். ஒரு சுரம் ஏறி ஒலித்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

முதல் கச்சேரிக்கு நாற்பது நிமிடம் போதும். ஒரு பரோக் சொனாட்டா, பாக்கில் மூன்று பகுதி, டிட்டர்ஸ்டோர்ஃபின் முதல் இரண்டு மூவ்மென்ட் (பகுதி), கடைசியில் பொட்டெசினியின் ‘எலெஜி’. அந்த ‘எலெஜி’ ஐந்து நிமிட வாக்கில் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பெரிய பெட்டியிலிருந்து இப்படியொரு பாட்டு வருமா என்று சபையை நிமிர வைத்துவிடும். பள்ளி ஹால், சர்ச் ஹால் எதுவானாலும் சரி. ஒரே உருப்படியைப் பத்து முறை வீட்டில் வாசிப்பதும், நான்கு உருப்படிகளை வரிசையாக ஆள் முன்னால் வாசிப்பதும் வேறு வேறு உழைப்பு. இரண்டாவதில்தான் வலது தோளும் கட்டைவிரலும் எவ்வளவு தாங்கும் என்பது தெரியும்.

பட்டியலின் பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் வளர வேண்டும்: ஆர்க்கெஸ்ட்ராப் பகுதிகள். பீத்தோவன் ஐந்தாவது சிம்பொனியின் மூன்றாம் மூவ்மென்ட், ஒன்பதாவதில் பேச்சுப்போல நகரும் ரெசிட்டட்டிவ், மாலரின் முதல் சிம்பொனியில் வரும் தனி வரி. பிழைப்பு இவற்றில்தான் இருக்கிறது.

எங்கே படிப்பது? சென்னையில் கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி 2008 முதல் இயங்குகிறது. மும்பையில் 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் வெளிநாடுதான். ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1500 யூரோ. மொழிச் சான்று கேட்பார்கள்; சென்னை மேக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்பில் இந்த வருடமே சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் எல்லோருக்கும் கட்டணம் இலவசம், ஆனால் உள்ளே நுழைவது குதிரைக்கொம்பு.

பிளஸ் டூவில் கணிதப் பிரிவை விட வேண்டாம். பொறியியல் கவுன்சலிங்குக்கும் விண்ணப்பித்து வையுங்கள். அதை மகளிடம் மிரட்டலாகச் சொல்லாமல் இன்னொரு கதவாகச் சொல்லுங்கள். தாமதமாகிவிட்டதோ என்ற பயமும் வேண்டாம். லண்டனில் சினெகே ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிய சிச்சி நுவானோகு ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்து, முழங்காலில் அடிபட்ட பிறகு 18 வயதில்தான் இந்தக் கருவியைத் தொட்டார்.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். மகள் விரும்பும் ஐந்து கல்லூரிகளின் டபுள் பேஸ் தேர்வுப் பட்டியலைத் தரவிறக்கி, பொதுவாக வரும் உருப்படிகளை அடிக்கோடிட்டு அவளுடைய ஆசிரியரிடம் கொடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல முதல் கட்டத்துக்கு வீடியோ கேட்கும். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம். ஒரு மூவ்மென்டை நடுவில் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். ஆகஸ்டிலேயே பியானோ வாசிப்பவரின் தேதியை வாங்கிவிடுங்கள். டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் தொடங்கிவிடும். அப்புறம் அவர்கள் கையில் கிடைக்க மாட்டார்கள்.