ப்ளூ ஸ்கிரீன் விடாம வருதா? உங்க கேள்விங்களுக்கு பதில்

பார்ட்ஸ் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து வாங்கி நாமளே அசெம்பிள் பண்ண பிசி, வேலைக்கு நடுவுல படக்குன்னு ப்ளூ ஸ்கிரீன் காட்டி ரீஸ்டார்ட் ஆனா எவ்ளோ கடுப்பா இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். ரொம்ப வருஷமா மத்தவங்களுக்கு பிசி கட்டிக் கொடுத்துட்டும் ரிப்பேர் பாத்துட்டும் இருக்கேன். வந்த கேள்விங்கள்ல ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டு எழுதறேன். விண்டோஸ் 11 புது வெர்ஷன்ல அந்த ஸ்கிரீன் கறுப்பாத்தான் வருது, விஷயம் அதேதான்.

கேள்வி: அண்ணா, பிசி கட்டி ரெண்டு மாசம் ஆகுது. வாரத்துக்கு மூணு நாலு தடவ க்ராஷ். ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, இன்னொரு நாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், நேத்து பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. விண்டோஸை ரெண்டு தடவ ஃபார்மட் பண்ணிப் போட்டாச்சு. எதை மாத்தணும்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க தம்பி, காசுதான் வீணாகும். ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் கோடு வருதுங்கறதுதான் இதுல பெரிய துப்பு. ஒரு டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸோட பேச வைக்கற சாஃப்ட்வேர்) கெட்டுப் போச்சுன்னா பெரும்பாலும் அதே கோடு, அதே ஃபைல் பேருதான் திரும்பத் திரும்ப வரும். ராம்ல எங்கயோ ஒரு பிட் மாறிச்சுன்னா அந்த நேரத்துல அந்த இடத்துல யாரோட டேட்டா இருந்துச்சோ அவங்க மேல பழி விழும், அதனாலதான் கோடு மாறிட்டே இருக்கு. அதனால மொத சந்தேகம் ராம்தான், அதுலயும் மொதல்ல எக்ஸ்எம்பி, அதாவது ராமை பெட்டி மேல போட்டிருக்கற ஸ்பீடுல ஓட்டற செட்டிங். நிறைய பேருக்கு இது தெரியறதில்ல, டிடிஆர்4 வகை ராமோட ஸ்டாண்டர்டு ஸ்பீடு 3200 வரைக்கும்தான், வோல்டேஜ் 1.2. பெட்டி மேல 3600னு போட்டிருக்குன்னா அது எக்ஸ்எம்பி ஆன் பண்ணா பெரும்பாலும் 1.35 வோல்ட்ல ஓடற ஸ்பீடு, அதாவது அது ஸ்டாண்டர்டை மீறி ஓட்டற ஓவர்க்ளாக்தான். ராம் குச்சி தாங்கினாலும் ப்ராசஸருக்குள்ள இருக்கற மெமரி கண்ட்ரோலரும் போர்டும் தாங்கணும்ல. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற போர்டு செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணிட்டு ஒரு வாரம் ஓட்டுங்க. க்ராஷ் நின்னுடுச்சுன்னா எக்ஸ்எம்பியை ஆன் பண்ணி ஸ்பீடை மட்டும் ஒரு படி இறக்கிப் பாருங்க, 3600க்கு பதிலா 3400. நிக்கலைன்னா ராமை டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவ்ல போட்டு அதுல பூட் பண்ணி நாலு ரவுண்டும் முடியற வரைக்கும் ராத்திரி பூரா விடுங்க. விண்டோஸ் கூடவே வர்ற மெமரி டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுன்னு நம்பி உக்காந்துடாதீங்க, அது நிறைய எரரைக் கண்டுபிடிக்காம விட்டுடும். மெம்டெஸ்ட்ல ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான், பரவால்லன்னு விடக்கூடாது. எரர் வந்தா ஒவ்வொரு குச்சியா தனியா, ப்ராசஸர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட்ல போட்டு டெஸ்ட் பண்ணுங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, ரெண்டை சேர்த்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாமப் போயிடும்.

கேள்வி: ப்ரோ டிடிஆர்5, ரைசன் 7000 சீரிஸ், நாலு குச்சி போட்டிருக்கேன், 6000ல செட் பண்ணா க்ராஷ்.

பதில்: நாலு குச்சி போட்டா அந்த சீரிஸுக்கு ஏஎம்டியே அஃபிஷியலா சொல்றது 3600தான், ரெண்டு குச்சிக்கு 5200. ரெண்டே குச்சில அதே அளவு ராம் இருக்கற கிட் (ஒரே பெட்டில சேர்ந்து வர்ற செட்) வாங்கறதுதான் நிம்மதி. தனித்தனியா வாங்கின ரெண்டு கிட்டை, மாடல் நம்பர் ஒண்ணாவே இருந்தாலும், கலக்காதீங்க.

கேள்வி: கோடு என்னன்னு படிக்கறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆயிடுது. விண்டோஸ் பதிவுகளைக் காட்டற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு மட்டும் இருக்கு. அப்போ பவர் சப்ளை போச்சுன்னு அர்த்தமா சார்?

பதில்: இல்லைங்க, இந்த 41ஐப் பாத்து நல்லா இருக்கற பவர் சப்ளையைத் தூக்கிப் போட்டவங்க நிறைய பேர். பிசி ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைங்கறதைத்தான் அது சொல்லுது, ஏன்னு சொல்லாது. அதையே தொறந்து டீடெயில்ஸ்ல பக்செக் கோடுன்னு (ப்ளூ ஸ்கிரீனோட எரர் நம்பர்) இருக்கும் பாருங்க. அங்க 0 இருந்தா ப்ளூ ஸ்கிரீன் பதிவே ஆகலை, கரண்ட் போயிருக்கலாம், அப்படியே உறைஞ்சு நீங்களே பட்டனை அமுக்கியிருக்கலாம், பவர் சப்ளை சட்டுன்னு கட் ஆகியிருக்கலாம். 0 இல்லாம வேற நம்பர் இருந்தா அது ப்ளூ ஸ்கிரீன்தான். இதுல ஒரு குழப்பம், அங்க நம்பர் சாதாரண பத்தடிமானத்துல இருக்கும், ஸ்கிரீன்ல வர்றது பதினாறடிமானம். 292னு பாத்தா அது 124, வியா எரர், அதாவது ஹார்டுவேர் எரர். 26ன்னா மெமரி மேனேஜ்மென்ட். 307ன்னா 133, டிபிசி வாட்ச்டாக். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இருக்கற டம்ப் ஃபைலை (க்ராஷ் ஆனப்போ எழுதின பதிவு) மைக்ரோசாஃப்டோட விண்டிபிஜி டூல்ல தொறந்தா இன்னும் விவரம் கிடைக்கும். அதுல விண்டோஸ் கெர்னல் (விண்டோஸோட மையப் பகுதி) பேரு வந்தா உடனே விண்டோஸ் மேல பழி போடாதீங்க, பிரச்சனையை கண்டுபிடிச்சு நிறுத்தினது அது, அவ்ளோதான்.

கேள்வி: எனக்கு எப்பவுமே வியா அன்கரெக்டபிள் எரர்தான். ஐ9 13வது ஜெனரேஷன். கேம் தொறக்கும்போது வீடியோ மெமரி பத்தலைன்னும் சொல்லுது, ஆனா கிராஃபிக்ஸ் கார்டுல 16 ஜிபி இருக்கு.

பதில்: இதை சீரியஸா எடுத்துக்கங்க. வியான்னாலே ஹார்டுவேரே கை தூக்கி நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்றதுதான். 13, 14வது ஜெனரேஷன் இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள்ல தேவைக்கு மேல வோல்டேஜ் போய் சிப் மெல்ல மெல்ல தேயற பிரச்சனை இருந்துச்சு, 2024ல இன்டெலே ஒத்துக்கிட்டு ஆகஸ்ட்ல 129ங்கற மைக்ரோகோடும் (ப்ராசஸருக்கான அப்டேட், பயாஸ் கூட வரும்) செப்டம்பர்ல 12பியும் விட்டாங்க. போர்டு கம்பெனி சைட்ல லேட்டஸ்ட் பயாஸ் எடுத்துப் போட்டு, செட்டிங்ஸை இன்டெல் டீஃபால்ட்ல வைங்க. ஆனா ஏற்கனவே தேஞ்சு போன சிப்பை எந்த அப்டேட்டும் திரும்ப கொண்டு வராது. அப்டேட்டுக்கு அப்புறமும் வந்தா வாரண்டில மாத்தறதுதான் வழி, இந்த மாடல்களுக்கு ரெண்டு வருஷம் கூடுதலா கொடுத்திருக்காங்க, விடாதீங்க. ரைசன் வச்சிருக்கறவங்களுக்கு வியா வந்தா கர்வ் ஆப்டிமைசர்ல (ப்ராசஸர் வோல்டேஜைக் குறைக்கற பயாஸ் செட்டிங்) மைனஸ் 30 மாதிரி போட்டு வச்சிருக்கீங்களான்னு பாருங்க, அது பல தடவ லோடுல ஒண்ணும் ஆகாது, சும்மா இருக்கும்போது க்ராஷ் ஆகும்.

கேள்வி: ப்ளூ ஸ்கிரீன் வருது, ஆனா 0 பர்சன்ட்லயே நிக்குது. டம்ப் ஃபைலும் இல்ல. ரீஸ்டார்ட் ஆனா பூட் டிவைஸ் இல்லைங்குது, மொத்தமா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது.

பதில்: ஐயா, வேற எதுக்கும் முன்னாடி பேக்கப் எடுங்க. உங்க எஸ்எஸ்டி நடுவுல காணாமப் போகுது, எழுத டிஸ்க்கே இல்லாதப்போ டம்ப் எப்படி வரும்? பேக்கப் ஆன அப்புறம் எஸ்எஸ்டியைக் கழட்டி மாட்டுங்க, ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க, வேற எம்2 ஸ்லாட் இருந்தா அதுல போட்டுப் பாருங்க.

கேள்வி: விண்டோஸே குப்பை, லினக்ஸ் போட்டா சரியாயிடாதா?

பதில்: டிரைவர் பிரச்சனைன்னா ஆகலாம், ஹார்டுவேர்னா ஆகாது. கெர்னலுக்குள்ள ஓடற எந்த சாஃப்ட்வேர் தப்பு பண்ணாலும் சிஸ்டம் விழும், 2024 ஜூலை 19 அன்னிக்கு க்ரௌட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி கம்பெனி விட்ட ஒரு தப்பான அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் விழுந்துச்சு. ஆனா உங்க கேள்வில ஒரு நல்ல டெஸ்ட் இருக்கு, லினக்ஸை இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லயே லைவா ஓட்டி ரெண்டு நாள் பாருங்க, அங்கயும் உறைஞ்சா பெரும்பாலும் ஹார்டுவேர்தான்.

கேள்வி: அண்ணா, மொத கேள்வி கேட்டது நான்தான். எக்ஸ்எம்பி ஆஃப் பண்ணியும் வந்துச்சு. ரெண்டு குச்சியையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணேன், ரெண்டாவது ஸ்லாட்ல எரரே இல்ல, நாலாவது ஸ்லாட்ல எந்தக் குச்சியைப் போட்டாலும் எரர்.

பதில்: அருமையா பண்ணியிருக்கீங்க. ராம் ரெண்டும் நல்லா இருக்கு, பிரச்சனை அந்த சேனல்ல, அதாவது அந்த ஸ்லாட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்கற பாதைல. எனக்கு இதே மாதிரி ஒரு பிசில ஆச்சு, ராமை மாத்தி, விண்டோஸை மாத்தி மூணு வாரம் போச்சு, கடைசில பாத்தா சிபியு கூலர் ஒரு பக்கம் மட்டும் ரொம்ப டைட்டா இருந்துச்சு, அதனால ப்ராசஸர் சாக்கெட்ல ஒரே சீரா உக்காரலை. கூலரைக் கழட்டுங்க, ப்ராசஸரை எடுத்து சாக்கெட்ல பின் ஏதாவது சாஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஃபோட்டோவும் எடுத்து வச்சுக்கங்க. தெர்மல் பேஸ்ட் புதுசா போட்டு, ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. அப்புறம் அதே நாலாவது ஸ்லாட்ல ஒரு குச்சி மட்டும் போட்டு மெம்டெஸ்ட். எரர் போயிடுச்சுன்னா முடிஞ்சுது, பின் எல்லாம் நேரா இருந்தும் எரர் வந்தா ஃபோட்டோவோட போர்டை வாரண்டிக்கு அனுப்புங்க.