‘உயிருள்ள நொதி’ மாத்திரைக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மொரீஷியஸில் ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். முருங்கை இலையிலிருந்து எடுத்த ‘உயிருள்ள நொதி’ என்று சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்து ஒரு டப்பா மாத்திரை விற்றார். கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. உடம்பில் உள்ள நச்சை அதுவே அடையாளம் கண்டு அழிக்குமாம். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

டப்பாவில் உள்ள பெயர்கள் பொய்யில்லை. வெயிலில் நிற்கும் இலைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிக்கொண்டே இருக்கும். அதை உடனுக்குடன் தீர்த்துக்கட்டுவது இந்த நொதிகள்தான் (நொதி என்பது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்). அடையாளம் காண்பதும் உண்மையே, ஆனால் அது முழுக்க வடிவத்தின் வேலை. கேட்டலேஸில் இரும்பு இருக்கும் மையம் ஆழத்தில் இருக்கிறது. அங்கே போகும் சந்து ஒடுக்கமானது, பெராக்சைடு மாதிரி சின்ன மூலக்கூறுதான் நுழைய முடியும். அஸ்கார்பேட் பெராக்சிடேஸுக்கோ வைட்டமின் சி துணை வேண்டும். சோயாவில் உள்ள இதே நொதியில் வைட்டமின் சி உட்காரும் இடத்தை 2003-இல் கண்டுபிடித்தார்கள்: ஹீம் என்ற, இரும்பைத் தாங்கும் வளையத்தின் ஓரத்தில், 30-ஆம் இடத்து லைசின், 172-ஆம் இடத்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. புரத இழையில் எங்கோ தள்ளித் தள்ளி இருக்கும் இந்த இரண்டும், இழை சரியாக மடிந்திருந்தால்தான் பக்கத்தில் வரும்.

இரைப்பை அமிலம் அந்த மடிப்பைக் குலைத்துவிடும். அங்குள்ள பெப்சின் என்ற செரிமான நொதி இழையையே நறுக்கும். அமிலம் தாங்கும் உறை போட்டிருந்தாலும் சிறுகுடலில் டிரிப்சின் என்ற இன்னொரு செரிமான நொதி இருக்கிறது. டப்பாவில் இருப்பதும் புரதம்தான், பருப்பைப் போலவே செரித்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. இலையின் பச்சையக் கணிகத்தில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் சிறு உறுப்பில்) உள்ள அஸ்கார்பேட் பெராக்சிடேஸ், வைட்டமின் சி தீர்ந்துபோய்ப் பெராக்சைடு பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதற்குத்தான் ஆறு மாத முன்பணம் கேட்கிறார்!

கேட்டலேஸ் உங்களுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. வெட்டுக்காயத்தில் பெராக்சைடு விட்டால் நுரைக்கிறதே, அது உங்கள் கேட்டலேஸ் செய்வது. பச்சை உருளைக்கிழங்குத் துண்டிலும் சில சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைக்கும்; வேகவைத்த துண்டில் நுரைக்காது. மாத்திரைத் தூள் நுரைத்தால்கூட, கிண்ணத்தில் வேலை செய்கிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது.

முருங்கை வேண்டுமென்றால் சந்தையில் ப்ரேத் முரூம் (முருங்கைக்கீரை) ஒரு கட்டு வாங்குங்கள். சமைத்தால் நொதி போகும், இரும்பும் கரோட்டினும் தங்கும். வீட்டில் யாராவது வார்ஃபரின் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை எடுத்தால் மட்டும் கீரைத் தூளையோ மாத்திரையையோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.