நெல்லின் சிறு திசு முழுப் பயிராவதில் தாவர ஹார்மோன்களின் பங்கு என்ன?

தாவர ஹார்மோன் என்பது செடி மிகச் சிறிய அளவில் தானே உருவாக்கும் வேதிச் செய்தி. எந்தச் செல் பெருக வேண்டும், எது வேராக வேண்டும், எது தளிராக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

செட்டிநாட்டு விருந்துக்கான கவுனி நெல்லானாலும் கோதுமையானாலும், முதிர்ந்த இலைச் செல்கள் பெருகும் திறனை விரைவில் இழந்துவிடுகின்றன. அதனால்தான் விதைக்குள் இருக்கும் கருவைப் பயன்படுத்துகிறார்கள். ஆக்சின் என்ற தாவர ஹார்மோனைப் போல வேலை செய்யும் 2,4-டி என்ற பொருளை, கருவை வளர்க்கும் சத்து ஊடகத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் சேர்த்தால், கருவிலிருந்து உருவமற்ற செல்திரள் பெருகுகிறது. வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிப்பதும் இதே பொருள்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பிறகு ஊடகத்தில் 2,4-டியைக் குறைத்து, சைட்டோகைனின் என்ற மற்றொரு தாவர ஹார்மோனைக் கூட்டினால் தளிர் எழும். அதே மிளகும் சோம்பும் அளவு மாறினால் வேறு குழம்பாகிவிடுவதைப் போல, இங்கே விகிதமே முடிவு செய்கிறது.

ஹார்மோன் கொடுத்து வளர்த்த நாற்று மரபணு மாற்றப் பயிர் என்று பலர் நினைக்கிறார்கள்; வெளி மரபணுவைப் புகுத்துவது முற்றிலும் வேறு வேலை.