துப்பாக்கிச் சட்டத்தின் தலையெழுத்து மார்ச் மாதத்தில்

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சத்தமில்லாமல் உட்காரப் பயிற்சி தருகிறார்கள். துப்பாக்கி வாங்கும் எவரையும் பின்னணிச் சோதனை செய்ய வேண்டும் என்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொல்வதாகக் கருத்துக்கணிப்புகள் வருகின்றன. பிறகு ஏன் சட்டம் வருவதில்லை? எங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதினேன். ‘பள்ளிப் பாதுகாப்புக்கும் மனநலத்துக்கும் முன்னுரிமை தருகிறேன்’ என்று பதில் வந்தது. அவர் எந்தப் பக்கம்? என் ஒரு ஓட்டால் ஏதாவது நடக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நடக்கும். ஆனால் நவம்பரில் போடும் ஓட்டைவிட, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாதப் பிரைமரியில் போடும் ஓட்டுக்கு இந்த விஷயத்தில் பலம் அதிகம். ஏன் என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

2023 மே 6 அன்று, ஃபிரிஸ்கோவிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஆலன் அவுட்லெட் மாலில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் கீழவைக் குழு ஒன்றில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. அரை தானியங்கி ரைஃபிள் வகைகளை வாங்க வயது வரம்பை 18-லிருந்து 21 ஆக்குவதுதான் அது. கொண்டுவந்தவர் யுவால்டி ஊரின் பிரதிநிதி, ஜனநாயகக் கட்சியின் டிரேசி கிங். அந்த ஊர்ப் பள்ளியில் முந்தைய ஆண்டு பலியான 19 குழந்தைகளில் சிலரின் பெற்றோர் அன்று காலை சட்டமன்றத்துக்கே வந்து நின்றார்கள். மசோதா 8-5 என்று குழுவைத் தாண்டியது. குடியரசுக் கட்சியினர் இருவர் ஆதரித்ததால்தான் அது முடிந்தது. மறுநாள் இரவு கெடு முடிந்தது. அவையின் விவாதப் பட்டியலில் மசோதா ஏறவே இல்லை.

ஆதரித்த அந்த இருவரில் ஒருவர் மறுபடி போட்டியிடவில்லை. இன்னொருவர் ராக்வால் பகுதியின் ஜஸ்டின் ஹாலண்ட். பிரைமரியில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டுக் கிடைக்காதபோது நடக்கும் மறுசுற்றான ரன்-ஆஃபில், 2024 மே மாதம் அவர் சொந்தக் கட்சிக்காரரிடமே தோற்றார். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் விவகாரம், மாநில அட்டர்னி ஜெனரல் மீதான பதவிநீக்கத் தீர்மானம் என்று அவர்மீது வேறு கோபங்களும் இருந்தன. எல்லாவற்றையும் துப்பாக்கி மேல் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது. ஆனாலும் அடுத்த முறை அதே மசோதா வந்தால், குழுவில் உட்கார்ந்திருக்கும் குடியரசுக் கட்சி உறுப்பினர் ராக்வாலை நினைக்காமல் கை தூக்க மாட்டார்.

யுவால்டியை உள்ளடக்கிய காங்கிரஸ் தொகுதியின் கதை இன்னும் கூர்மையானது. குடியரசுக் கட்சியின் டோனி கொன்சாலஸ் 2022-இல் யுவால்டிக்குப் பிறகு வந்த மத்தியத் துப்பாக்கிச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 2023 மார்ச்சில் மாநிலக் கட்சி அவர்மீது கண்டனத் தீர்மானம் போட்டது. 2024-இல் அவரை ரன்-ஆஃப் வரை இழுத்தவர் யூடியூபில் துப்பாக்கி வீடியோ போடும் ஒருவர். ஏழரை லட்சம் பேருக்கு மேல் வாழும் தொகுதியில் அந்த ரன்-ஆஃபில் விழுந்தவை சுமார் முப்பதாயிரம் ஓட்டுகள். கொன்சாலஸ் சில நூறு ஓட்டுகளில் தப்பினார்.

நீங்கள் பார்த்த கருத்துக்கணிப்பில் பொய் இல்லை. அந்தப் பத்தில் எட்டுப் பேர் துப்பாக்கிக்காக ஓட்டுப் போடுவதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு வரி, பள்ளி, விலைவாசி என்று வேறு நூறு கவலை. எதிர்க்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு இது ஒன்றுதான் கவலை, அவர் பிரைமரிக்கும் தவறாமல் வருவார். ஆதரவு என்று கேள்வித்தாளில் சொல்வதே ஓட்டுச்சீட்டில் கரைவதும் உண்டு. 2016-இல் மெய்ன் மாநிலம் தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டுமா என்று மக்களிடமே கேட்டது. அதே நாளில் ஹிலாரி கிளிண்டனை முன்னிலைப்படுத்திய அந்த மாநிலம், இந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்றது.

இன்றைய மத்தியச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் சோதனை செய்தே விற்க வேண்டும். உரிமம் தேவைப்படாத தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் அந்தக் கட்டாயம் இல்லை. டெக்சஸ் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் வாஷிங்டனில் திரும்பத் திரும்ப முயன்றார்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட நான்கு மாதத்தில், 2013 ஏப்ரல் 17 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மன்சினும் பென்சில்வேனியாவின் பேட் டூமியும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அவை நடத்தியவர் அப்போதைய துணை அதிபர் ஜோ பைடன். பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு பெண் ‘வெட்கக்கேடு!’ என்று கத்தினார். ஐம்பத்து நான்கு பேர் ஆதரித்தும் தோல்வி, காரணம் விவாதத்தை நீட்டியே மசோதாவைத் தடுக்க விடும் செனட் வழக்கமான ஃபிலிபஸ்டர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர், நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர் என்ற கணக்கில் 60 சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். 2019-இலும் 2021-இலும் பிரதிநிதிகள் சபை பின்னணிச் சோதனை மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. இரண்டு முறையும் செனட்டில் அது படுத்துவிட்டது.

இது எப்போதுமே கட்சிச் சண்டையாக இருந்ததில்லை. 1994 மே மாதம் தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடை பிரதிநிதிகள் சபையில் 216-214 என்று தேறியபோது, குடியரசுக் கட்சியினர் 38 பேர் ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியினர் 77 பேர் எதிர்த்தார்கள். அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி நாற்பது ஆண்டு கழித்து அந்தச் சபையை இழந்தது. டெக்சஸின் ஜாக் புரூக்ஸ் 42 ஆண்டு உறுப்பினர், நீதித்துறைக் குழுத் தலைவர், தடையை விரும்பாதவர். தடை அடங்கிய குற்றத் தடுப்பு மசோதாவோடு பெயர் ஒட்டிக்கொண்டதால் அவரும் போனார். அதன்பின் பல ஆண்டுகள் ஜனநாயகக் கட்சியே இந்தப் பேச்சை எடுக்கப் பயந்தது. 2004-இல் தடை காலாவதியானபோது புதுப்பிக்க ஆளில்லை. கிராமப்புற ஜனநாயகக் கட்சியினரும் புறநகர்க் குடியரசுக் கட்சியினரும் அவையிலிருந்து மெல்ல மறைந்தார்கள். நடுவில் நின்று பேரம் பேச ஆள் இல்லாமல் போனதுதான் உண்மையான இழப்பு. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்.ஆர்.ஏ. அமைப்பின் பணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம் நண்பர்கள் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். அந்த அமைப்பு வழக்குகளில் சிக்கித் தளர்ந்த பிறகும் வாக்குகள் மாறவில்லையே.

2022 ஜூனில் யுவால்டிக்குப் பிறகு ஒரு சட்டம் நிறைவேறியது. செனட்டில் 65-33. 21 வயதுக்குட்பட்டவர் வாங்கும்போது சிறார் கால ஆவணங்களையும் பார்க்கலாம், மாநிலங்களுக்கு 75 கோடி டாலர் நிதி, வேறொருவருக்காகத் துப்பாக்கி வாங்கித் தருவது தனிக் குற்றம் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆதரித்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் 15 பேரில் நால்வர் ஓய்வு பெறவிருந்தவர்கள், அந்த ஆண்டு தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் இருவர் மட்டுமே. பேச்சுவார்த்தை நடத்திய உங்கள் செனட்டர் ஜான் கார்னின், ஹூஸ்டனில் நடந்த சொந்தக் கட்சி மாநாட்டிலேயே கூச்சலுக்கு நடுவில் பேச வேண்டியிருந்தது.

மாநில அளவில் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த மூன்றே வாரத்தில், 2018 மார்ச்சில், குடியரசுக் கட்சியின் கையில் இருந்த ஃபுளோரிடா சட்டமன்றமே வயது வரம்பை 21 ஆக்கியது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ‘ரெட் ஃபிளாக்’ முறையும் வந்தது. டெக்சஸ் எதிர்த்திசையில் போனது. 2021-இல் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதித்தது, 2025-இல் ‘ரெட் ஃபிளாக்’ ஆணைகளையே தடுத்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. பிரதிநிதியிடம் ‘ஆதரிக்கிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அதற்கு வரும் பதில் உங்களுக்கு ஏற்கெனவே வந்த பதில்தான். மசோதா எண்ணைச் சொல்லி, குழுவில் எப்படி வாக்களித்தீர்கள், அவைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டீர்களா என்று கேளுங்கள். 2023 வயது வரம்பு மசோதாவின் எண் எச்.பி. 2744 (எச்.பி. என்றால் கீழவை மசோதா). சட்டமன்ற இணையதளத்தில் எண்ணைப் போட்டால் குழு வாக்கெடுப்பு வரை பார்க்கலாம். டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள்தான் கூடும், புது மசோதா தாக்கல் மார்ச் நடுவில் முடிந்துவிடும். எனவே ஜனவரியிலேயே எழுதுங்கள். மே மாதம் எழுதினால் பலனில்லை.

பிரைமரி இரட்டைப்படை ஆண்டு மார்ச் முதல் செவ்வாயில். டெக்சஸில் கட்சிப் பதிவு என்று எதுவும் கிடையாது, எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். உங்கள் தொகுதியில் குடியரசுக் கட்சி எளிதாக ஜெயிக்கும் என்றால், உண்மையான போட்டி அங்கேதான். அதில் போய் ஓட்டுப் போடுவது துரோகம் என்று ஜனநாயகக் கட்சி நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மார்ச்சில் ஒரு கட்சியில் ஓட்டுப் போட்டால் மே ரன்-ஆஃபில் மற்றக் கட்சிக்கு மாற முடியாது. வாக்காளர் பதிவும் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும்.