புங்க எண்ணெயும் நாசில் கரியும்: பம்ப்செட் கேள்விக்குப் பதில்

வணக்கம் நண்பரே. டீசல் பம்ப்செட்டில் வடிகட்டிய புங்க எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டுவதாகவும், காலையில் வெள்ளைப் புகை வருவதாகவும், எரிபொருளைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலின் நுனியில் கரி கட்டுவதால் மெக்கானிக் நாசிலை மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். மாற்றினால் புது நாசிலிலும் கரி பிடிக்கும், அவ்வளவுதான்.

கோளாறு எண்ணெயின் பாகுநிலையில், அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தடிப்பில் இருக்கிறது. 40 டிகிரியில் டீசலுக்கு அது 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு), புங்க எண்ணெய்க்கு ஏறத்தாழ பத்து மடங்கு. நாசில் 200 பார் அழுத்தத்தில் திறந்தாலும் இவ்வளவு தடித்த எண்ணெய் பொடித்துளியாக உடைவதில்லை. கூம்பாக விரியாமல் குறுகிய தாரையாகப் பாய்ந்து பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் மோதுகிறது. பெரிய துளி ஆவியாக நேரம் பிடிக்கும். எரியாமல் நின்றது கரியாகிறது; மீதி பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலைக் கெடுக்கிறது. இன்றே ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு மற்றதைப் பேசலாம்.

எண்ணெயைச் சூடாக்குங்கள். 80, 90 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பாகுநிலை நாலில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். சைலன்சர் குழாயைச் சுற்றி எண்ணெய் போகும், இணைப்பே இல்லாத ஒரே செம்புக் குழாயை ஓட்டுவது வழக்கம். அங்கே கசிந்தால் தீதான், கவனம். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மீண்டும் டீசலுக்கு வாருங்கள். ஆனால் டீசலை அந்தச் சூட்டுக்குழாயில் விடவே விடாதீர்கள். நீர்த்துப்போய், நாசிலுக்கு எரிபொருள் தள்ளும் பம்பின் உள்ளேயே கசியும், தேய்மானமும் கூடும்.