பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வரும் 'சைபர் வாலண்டியர்': நம்பலாமா?

கேள்வி: டெலிகிராமில் ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போடும் பகுதிநேர வேலை என்று சேர்ந்தேன். முதலில் 150 ரூபாய், அப்புறம் 800 ரூபாய் கமிஷன் வந்தது. நம்பி 1,40,000 ரூபாய் கட்டி ஏமாந்துவிட்டேன். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்து மூன்று வாரமாகிறது, கையில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் இருக்கிறது. இப்போது ஒருவர் தன்னை மத்திய அரசின் சைபர் வாலண்டியர் என்று சொல்லி அடையாள அட்டை அனுப்பியிருக்கிறார். 9,500 ரூபாய் கட்டினால் கம்போடியாவில் முடக்கி வைத்திருக்கும் என் பணத்தை எடுத்துத் தருவாராம். கட்டலாமா? என் தம்பியும் வாலண்டியராகப் பதிவு செய்து அவர்களைத் தேடிப் பிடிக்கிறேன் என்கிறான். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட.

சைபர் வாலண்டியர் திட்டம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள ஐ4சி என்ற மையம் அதை நடத்துகிறது. ஆனால் அதில் சேருகிறவருக்கு விசாரிக்கும் அதிகாரம் கிடையாது, சம்பளமும் கிடையாது. இதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது, அமைச்சகத்தோடு தொடர்பு இருப்பதாக வெளியில் சொல்லிக்கொள்ளவே கூடாது என்பது அதன் நிபந்தனை. ஆகவே அட்டையை நீட்டுகிறவர் ஒருவேளை நிஜ வாலண்டியராகவே இருந்தாலும் அந்த நிமிடமே விதியை மீறியவர்தான். என்னிடம் வருகிறவர்கள் இப்படிப்பட்ட அட்டைகளைக் காட்டுவார்கள்: மேலே சிங்கமுகச் சின்னம், கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து, மூலையில் ஒரு க்யூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் அதே ஆளின் வாட்ஸ்அப்தான் திறக்கிறது!

உங்கள் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் உங்களை ஏமாற்றிய கும்பலே விற்றிருக்கும். இல்லையென்றால் போலீஸ் ஃபேஸ்புக் பக்கத்தில் நம்பரோடு புலம்பி எழுதியிருப்பீர்கள். ஒருமுறை ஏமாந்தவர் பணத்தை மீட்கும் பதற்றத்தில் இருப்பார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

'கம்போடியாவில் முடக்கிய பணம்' என்பது சுத்தக் கதை. உங்கள் ரூபாய் நேராகக் கம்போடியா போகவில்லை. சில ஆயிரத்துக்கு வாடகைக்கு விடப்பட்ட நம் ஊர் அக்கவுண்டுகளுக்கு, யாரோ ஒரு கல்லூரி மாணவர், யாரோ ஒரு ஆட்டோ ஓட்டுநர் பெயரில் உள்ளவற்றுக்கு, முதலில் போயிருக்கும். அங்கிருந்து சில நிமிடங்களில் பத்துப் பதினைந்தாகப் பிரிந்து, ஏடிஎம்மில் ரொக்கமாகவோ யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவாகவோ மாறி, அதன் பிறகுதான் எல்லை தாண்டும். தாண்டியதை எடுப்பது அரசாங்கங்களுக்கே பெரும்பாடு. தாய்லாந்து எல்லையை ஒட்டி, மியான்மரின் மியாவாடி பக்கம் இருக்கும் மோசடி வளாகங்களுக்கு 2025 பிப்ரவரியில் தாய்லாந்து மின்சாரத்தையும் இன்டர்நெட்டையும் நிறுத்திப் பார்த்தது. அவர்கள் ஜெனரேட்டரையும் சாட்டிலைட் இணைப்பையும் வைத்து ஓட்டினார்கள். அக்டோபரில் அந்தப் பகுதியில் 2,500-க்கு மேற்பட்ட ஸ்டார்லிங்க் கருவிகளை நிறுத்திவிட்டதாக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது. இவர் 9,500 ரூபாயில் முடித்துவிடுவாராம்.

திரும்பி வரக்கூடியது, இந்திய அக்கவுண்டுகளில் மாட்டி நிற்கும் தொகை மட்டும்தான். 1930 வழியாக எவ்வளவு நிறுத்தப்பட்டது என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். அதை விடுவிக்க நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-வது பிரிவின் கீழ் மனுப் போடலாம். 'மீட்கிற தொகையில் 30 சதவீதம்' என்று பேசும் வக்கீலிடமும் போகாதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்களாகிய நாங்கள் அப்படிப் பங்கு பேசக் கூடாது. பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த 150-ம் 800-ம் யாருடைய பணம்? உங்களைப் போலவே ஏமாந்த இன்னொருவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் குஜராத்திலோ தெலங்கானாவிலோ புகார் கொடுத்தால், பணம் போன வழியில் உங்கள் அக்கவுண்டும் நிற்கும். ஒரு நாள் காலையில் கேஸ் சிலிண்டருக்குப் பணம் அனுப்பப் போனால் முடக்கம் என்று வரும். மேனேஜர் போலீஸைக் கேளுங்கள் என்பார், போலீஸ் வேறு மாநிலத்தில் இருக்கும், அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். 950 ரூபாய்க்காகச் சம்பள அக்கவுண்டையே பூட்டுவது என்ன நியாயமோ! தொகையைக் குறிப்பிடாமல் முழு அக்கவுண்டையும் முடக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே இப்போதே உங்கள் புகாரில் இந்த இரண்டு வரவுகளையும் அவற்றின் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு சேர்க்கச் சொல்லுங்கள். பேங்கிலும் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை முடக்கம் வந்தால், அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து (இதற்கு லியன் என்று பெயர்) மீதியை விடும்படி கேட்க இந்தக் காகிதம் உதவும். 'அன்ஃப்ரீஸ் செய்து தருகிறோம்' என்று இன்ஸ்டாகிராமில் வருகிறவர்களும் அந்த வாலண்டியரின் சொந்தக்காரர்கள்தான்.

சி.எஸ்.ஆர்.-ஓடு நிற்காதீர்கள். மோசடி, புகாரை வாங்கியதும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். ஸ்டேஷனில் இழுத்தடித்தால் எஸ்.பி.-க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட். மக்களை இப்படி அலைய விட்டுவிட்டு ஊரெல்லாம் விழிப்புணர்வு பேனர் கட்டுகிறார்கள்.

உங்கள் தம்பி தாராளமாகப் பதிவு செய்யட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. மோசடி லிங்குகளையும் போலி வேலை விளம்பரங்களையும் சுட்டிக்காட்டலாம், ஊரில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தேடிப் பிடிப்பது அவர் வேலை இல்லை. ஐ.டி. சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்த ஒருவர் விசாரிக்கவே முடியாது. நல்ல எண்ணத்தில் ஒருவரின் கணக்குக்குள் நுழைந்தாலும் வழக்கு தம்பி மேல்தான் வரும். 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு ஆரம்பித்த, பொதுமக்கள் போலீஸுக்கு உதவும் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு, சாத்தான்குளம் சம்பவத்தில் பெயர் அடிபட்டு, 2020 ஜூலையில் தடை செய்யப்பட்டதை அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, எதிர்முனையில் தமிழில் டைப் செய்கிறவர் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜெண்ட் கூட்டிப்போய் அடைத்து வைத்த நம் ஊர்ப் பையனாகவும் இருக்கலாம். 2022-இலேயே தமிழ்நாட்டு இளைஞர்களை மியான்மரில் இருந்து மீட்டு வந்திருக்கிறார்கள்.

டெலிகிராம் உரையாடலை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், யூசர்நேம் தெரியும்படி. எதிராளி நினைத்தால் உங்கள் போனிலிருந்தும் அதை அழித்துவிட முடியும். இந்த வாலண்டியரின் நம்பரையும் அட்டையையும் அதே புகாரில் சேர்த்துக் கொடுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள்.